அக்கா விரல் வைக்காத பத்து நாள்

1

ஜூன் மாதத் திங்கட்கிழமை ஒன்றில், காலை பத்து மணி டீ இடைவேளையில், கடலூரிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்தது. நான் வேலை செய்வது இங்கிலாந்தின் வடக்கே ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். படுக்கை விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி எல்லாம் லாரியில் வரும். வெளுத்து, தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவோம். மடிக்கும் பகுதிக்கு நான் மேற்பார்வை. உள்ளே மெஷின் இரைச்சலில் எதுவும் கேட்காது. பின்வாசலுக்குப் போய், அழுக்குத் துணி வண்டிகளுக்கு நடுவில் நின்று பேசினேன்.

பேசியவர் தனசேகர். கடலூரில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழிற்பயிற்சி கொடுக்கும் ஓர் அறக்கட்டளையின் மையத்துக்குப் பொறுப்பாளர். அறக்கட்டளையின் பெயர் வேண்டாம். எழுதினால் எனக்கு ஒன்றும் ஆகாது, அங்கே படிக்கிறவர்களுக்கு ஆகும்.

"நல்லா இருக்கீங்களாம்மா? ஒண்ணுமில்ல, இன்னைக்குப் புது பேட்ச் ஆரம்பம். அக்கா வந்து உக்காந்துகினு விரல் வைக்க மாட்டேங்கறாங்க. முப்பது பேர் விரல் விழுந்தாதான் பேட்ச் ஓடும். நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க."

அவர் சொன்ன அக்கா என் சொந்த அக்கா, கோமதி. அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. எனக்கு மூன்று வயது மூத்தவள். இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிவிட்டன. அக்குளில் ஊன்றும் கட்டையும், காலில் மாட்டும் இரும்புக் காலிப்பருமாக நடப்பாள். சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் தனியாக இருக்கிறாள். விரல் என்றால், வருகைப் பதிவுக்காக மேசைமேல் இருக்கும் சின்ன மெஷினில் தினமும் வைக்கவேண்டிய ஆள்காட்டி விரல்.

"அவ ஏன் வைக்கலன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்று கேட்டேன்.

"தெரியும்மா, ஆனா என் கையில என்னா இருக்கு சொல்லுங்க" என்றார்.

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர் கையில் இருந்தது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு என் கையில் இருந்தது என்ன என்றும் சொல்லவேண்டி வரும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

அக்காவிடம் நான்கு சான்றிதழ்கள் இருக்கின்றன. தையல் பயிற்சி, உயர்நிலைத் தையல் பயிற்சி, ஆயத்த ஆடை உதவியாளர் பயிற்சி, சுயதொழில் ஆடை வடிவமைப்புப் பயிற்சி. நான்கும் அதே மையம், அதே மாடியில்லாத நீளக் கூடம், அதே துருப்பிடித்த மெஷின்கள். தலைப்பை மாற்றினால் பழைய ஆளையே புதிதாகச் சேர்க்கலாம். பேட்ச்சுக்கு ஆள் போதவில்லை என்றால் தனசேகர் அக்காவுக்குப் போன் செய்வார். அக்கா தன் மூன்று சக்கர ஸ்கூட்டரில் பஸ் நிலையம் போய், கடலூர் பஸ்ஸில் கட்டையை முதலில் ஏற்றிவிட்டுத் தானும் ஏறி, முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று போய் இறங்குவாள். ஏழு வருஷம் இப்படிப் போனாள்.

முதல் பயிற்சி முடிந்த அன்று மேடை போட்டு அவளுக்கு ஒரு தையல் மெஷின் கொடுத்தார்கள். காலால் மிதிக்கிற மெஷின். இரண்டு காலும் வராத பெண்ணுக்கு மிதி மெஷின் கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தருக்கும் உறுத்தவில்லை. அந்தப் போட்டோவில் அக்காவும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஊருக்கு வந்ததும் அவளே மோட்டார் வைத்துக்கொண்டாள்.

மையத்தின் பதிவேட்டில் பயிற்றுநர் என்று இருப்பவர் மல்லிகா டீச்சர். பண்ருட்டியில் சொந்தத் தையல்கடை வைத்திருக்கிறார். கெட்டவர் இல்லை, கெட்டிக்காரரும்கூட. ஆனால் அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தது இரண்டு கை, இரண்டு கால், இரண்டு கண் உள்ளவர்களுக்கு. அந்தக் கூடத்தில் அப்படி ஒருத்தரும் இல்லை. கொஞ்ச நாள் வந்து பார்த்தார். பிறகு அதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் மட்டும் வர ஆரம்பித்தார். மற்ற நாளெல்லாம் அக்காதான் டீச்சர்.

ஒரு கை இல்லாத பெண்ணுக்குத் துணி நழுவாமல் இருக்க, பழைய எடைக்கல்லைத் துணியில் சுற்றி அதன்மேல் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். பார்வை மங்கியவளுக்கு அளவு நாடாவுக்குப் பதில் ஒரு கயிறு, அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. காது கேளாத பெண்களைக் கூப்பிட வேண்டுமானால் மேசையில் உள்ளங்கையால் தட்டுவாள், அதிர்வில் திரும்பிப் பார்ப்பார்கள். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தனக்கு எது முடியாது என்று பார்த்துப் பார்த்து வாழ்ந்தவள் அடுத்தவருக்கு எது முடியும் என்று கண்டுபிடித்தாள். அவளிடம் படித்த சிலர் கூடலையாத்தூர் பக்கமும் மங்கலம்பேட்டையிலும் வீட்டில் தைத்துச் சம்பாதிக்கிறார்கள்.

பார்வையிட அதிகாரிகள் வரும் நாளில் நடப்பதை அக்கா சிரிப்பாகத்தான் சொல்வாள். அப்போது டீச்சருக்கு விரல் மெஷின் கிடையாது, ஏட்டில் கையெழுத்துதான். மல்லிகா டீச்சர் காலையில் வந்து, ஒரு மாதத்துக் கையெழுத்தையும் மொத்தமாகப் போடுவார். அக்கா டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்து, கட்டையை ஊன்றி மூன்றாவது வரிசைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருமுறை வந்த ஓர் அதிகாரி அவள் அருகில் நின்று, பொத்தானுக்குக் காஜா எடுத்துக் காட்டச் சொன்னாராம். எடுத்தாள். "பரவால்லயே, நல்லா கத்துக்கிட்டீங்களே" என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாராம்.

"உனக்கு என்னக்கா தோணுச்சு?" என்று கேட்டேன்.

"காஜா நல்லா வந்துருச்சேன்னு தோணுச்சு."

பொங்கலுக்குத் தனசேகர் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார். வருகிறவர்களிடம் எல்லாம் 'அக்கா நம்ம குடும்பத்துல ஒருத்தர்' என்பார். பயிற்சி மாணவிக்கான உதவித்தொகைதான் அவளுக்கு. குடும்பத்தில் ஒருத்தருக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா?

3

போன ஜனவரியில் விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். மையத்தில் மல்லிகா டீச்சர் இடம் போக இன்னொரு பயிற்றுநர் இடம் முறைப்படி காலியாக இருப்பதாகவும், மாற்றுத்திறனாளிக்கே முன்னுரிமை என்றும் அக்காவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். விண்ணப்பித்தாள். பயிற்றுவித்த அனுபவச் சான்று கேட்டார்கள். சான்று தரவேண்டியவர் தனசேகர். அவர் ஏட்டில் அக்கா ஏழு வருஷமும் மாணவி. இவள் சொல்லிக்கொடுத்தாள் என்று எழுதினால் மல்லிகா டீச்சர் போட்ட கையெழுத்தெல்லாம் என்ன என்று கேள்வி வரும். "அது மட்டும் கேக்காதீங்கக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே மனு எழுதினேன். கடலூரில் மனு வாங்கும் அலுவலகங்கள் பல இருக்கின்றன. அதில் ஒன்று. எது என்பது முக்கியமில்லை, ஏனென்றால் அங்கே தப்புச் செய்தது நான்.

வரிசையில் மூன்று மணி நேரம். அக்காவுக்கு ஒரு நாற்காலி கேட்டு முதலில் சண்டை போட்டேன். டோக்கன் கொடுத்த ஆள் என்னைப் பார்த்து, "கூட வந்தவங்க நீங்களா? இவுங்களுக்கு பேச்சு வருமா?" என்று கேட்டார். அதற்கும் சண்டை போட்டேன். எங்கள் முறை வந்தது. அதிகாரி வயதில் சின்னவர், பொறுமையானவர். அக்காவைப் பார்த்துத்தான் கேட்டார். என்னைப் பார்க்கவே இல்லை. எத்தனை வருஷமாகத் தைக்கிறீர்கள் என்றார். நான் பதில் சொன்னேன். என்னென்ன தெரியும் என்றார். நான் சொன்னேன். இப்போது உங்களுக்கு என்ன வேண்டும் என்றார். அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் நான், இவளுக்குப் போலியோ, தனியாக இருக்கிறாள், அப்பா அம்மா இல்லை, நான் வெளிநாட்டில் இருக்கிறேன், நீங்கள்தான் ஏதாவது வழிபண்ண வேண்டும் என்று மூச்சு விடாமல் பேசினேன். கண்ணீர் வேறு வந்துவிட்டது.

வீட்டில் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் பழக்கம். டாக்டர் கேட்டாலும், பள்ளிக்கூடத்தில் கேட்டாலும், கல்யாண வீட்டில் 'இவ சாப்பிட்டாளா' என்று என்னைக் கேட்டாலும் நான்தான் பதில் சொல்வேன். பாசத்தில் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். எங்கள் ஊரில் இப்படி ஒருத்தர் இருக்கிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கிறது.

அதிகாரி மனம் இரங்கி மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதினார். இரண்டு மாதம் கழித்து நான் இங்கே வந்த பிறகு அக்காவுக்குக் கடிதம் வந்தது. அவளுடைய மனு கருணையோடு பரிசீலிக்கப்பட்டு, அவளுக்கு இலவசத் தையல் பயிற்சி வழங்கப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சி நடக்கும் இடம், தனசேகரின் மையம்.

கடிதத்தை வீடியோவில் கேமராவுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். நான் படித்து முடித்ததும் காகிதத்தை இறக்கினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாப்பது வருஷமா என் வாய நீ வச்சிருக்க சுமதி," என்றாள். "திருப்பிக் குடுத்துடு."

4

அந்தக் கடிதத்தின்படி ஆரம்பித்த பேட்ச்சில்தான் அவள் போய் உட்கார்ந்து விரல் வைக்க மறுத்தாள். கூச்சல் போடவில்லை. "என்ன டீச்சர்னு பதிஞ்சி வைக்கச் சொல்லுங்க, வைக்கறேன். இல்லன்னா நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து பஸ் ஏறிப் போயிருக்கிறாள். மறுநாளும் அப்படியே. முப்பதுக்கு ஒன்று குறைவதால் பேட்ச் திறக்கவில்லை.

தனசேகர் எனக்குத் தினமும் போன் செய்தார். மூன்றாம் நாள் அவரிடம், நான் ஒன்றும் பேசமாட்டேன், அவளிடமே பேசுங்கள் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர உள்ளுக்குள் பயம்தான். மீதி இருபத்தொன்பது பேருக்கும் அந்த உதவித்தொகை வேண்டும். அந்த ஒற்றைக் கைப் பெண் அக்காவுக்கே போன் செய்து, உங்களால் எங்களுக்கும் சேர்த்துப் போகிறது என்று அழுதிருக்கிறாள்.

நான்காம் நாள், டீ இடைவேளையில் நானே அக்காவைக் கூப்பிட்டேன். சிதம்பரத்தில் மதியம் இரண்டரை. அவள் அன்றைக்குப் போகவில்லை.

"அவ கேக்கறதும் நாயம்தாண்டி. காலைலேர்ந்து எனக்கு சோறு எறங்கல" என்றாள்.

அவளைத் தேற்றுவதாக நினைத்து நான் எங்கள் சலவைக்கூடத்துப் பெருமையை அவிழ்த்துவிட்டேன். இந்த ஊர் வாசம் பத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊரில் உள்ளவர்களிடம் பேசும்போது இந்த வாய் தானாக வந்துவிடுகிறது. இங்கே எல்லாம் அப்படி இல்லையக்கா என்று ஆரம்பித்தேன். எங்களிடம் ஹெலன் என்று ஒருத்தி இருக்கிறாள், நாற்பத்தொரு வயது, டவுன் சிண்ட்ரோம், பேச்சு கொஞ்சம் நிதானமாக வரும், ஆனால் விரிப்பு மடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் வேலை பழக்கிவிடுகிறாள், எல்லோரும் எவ்வளவு மரியாதையாக நடத்துகிறோம் தெரியுமா என்றேன்.

"எவ்ளோ நாளா இருக்கா?"

"ஒன்றரை வருஷமா."

"சம்பளம் உங்க மாதிரிதானா?"

"இல்லக்கா. அவ பயிற்சில இருக்கா."

"பயிற்சி முடிஞ்சிதுன்னு யாரு எழுதணும்?"

உள்ளே மணி அடித்துவிட்டது, போகவேண்டும் என்று சொன்னேன். மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

5

எழுதவேண்டியவள் நான்.

பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு படிவம் வரும். அதில் மூன்று கட்டங்கள். வேலைக்குத் தயார், மேலும் பயிற்சி தேவை, பொருத்தமில்லை. முதல் படிவம் வந்தபோது எனக்கு அந்த ஆங்கிலம் சரியாகப் பிடிபடவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் காட்டினேன். அவளுக்குப் பதினேழு வயது. எங்கள் வீட்டுப் படிவம் எல்லாவற்றையும் பத்து வயதிலிருந்து அவள்தான் நிரப்புகிறாள், அந்த அலுப்பு முகத்தில் எப்போதும் இருக்கும். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நடுவுல இருக்கறத டிக் பண்ணும்மா, அதான் சேஃப்" என்றாள். போட்டேன். அது அறியாமல் போட்டது.

அதற்குப் பிறகு ஐந்து படிவம் வந்தது. ஐந்திலும் நடுக்கட்டம்தான் போட்டேன். இவை எல்லாம் அறிந்தே போட்டவை.

காரணம் கேட்டால் அப்போது அழகாகச் சொல்லியிருப்பேன். ஹெலனுக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, அவள் வீட்டிலிருந்து ஒரே பஸ், வேறு இடம் போனால் அவளை எப்படி நடத்துவார்களோ. எல்லாம் உண்மைதான். ஆனால் தயார் என்று போட்டால் ஒன்று அவளுக்கு இடம் உண்டாக்க வேண்டும், இல்லை அவள் போய்விடுவாள். போய்விட்டால் என் பகுதியில் மடிக்கிற நல்ல கை ஒன்று போய்விடும். கிறிஸ்துமஸுக்கு நான் அவளுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கிக் கொடுத்தேன். அவள் அம்மாவிடம், ஹெலன் எங்கள் குடும்பம் மாதிரி என்று என் வாயால் சொன்னேன்.

தனசேகரை நான் இத்தனை வருஷம் திட்டிய திட்டு எனக்கு நினைவு வந்தது. ஒன்று விடாமல் நினைவு வந்தது.

அன்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் மங்கலம்பேட்டைக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். "நீ ஒருத்தி டிக் பண்ணாததாலயா அவளுக்கு வேல இல்ல?" என்றார். ஆமாம் மாமா, நான் ஒருத்திதான் டிக் பண்ணவேண்டியது என்றேன். அவர் டிவியைப் போட்டுக்கொண்டார். மகள் மட்டும் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அந்த ஃபார்ம்ல நான் சொன்னதத்தான் போட்டியா, எல்லா தடவையும்?" என்று கேட்டாள். முதல் தடவை மட்டும் நீ, மற்றது நான் என்றேன். அவள் வெகுநேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பெரியம்மாவோடு வீடியோவில் ஒரு 'ஹாய்'க்கு மேல் பேசாத பெண், அன்று பெரியம்மா சாப்பிட்டாங்களா என்று கேட்டாள். அவளையே கூப்பிட்டுக் கேள் என்று போனைக் கையில் கொடுத்தேன். கேட்டாள். பாதித் தமிழில் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று நான் ஒட்டுக்கேட்கவில்லை.

6

ஏழாம் நாள் தனசேகர் சிதம்பரத்துக்கே வந்து, அக்கா வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். கையில் ஒரு தாள், அறக்கட்டளையில் பேசி அனுபவச் சான்று இல்லாமலே வாங்கி வந்தது. இன்று முதல் பயிற்றுநராக நியமிக்கப்படுகிறார் என்று. முப்பதாவது ஆளாக ஆலப்பாக்கத்திலிருந்து ஒரு பெண்ணை ஒரே நாளில் பிடித்துச் சேர்த்திருந்தார். ஏழு வருஷமாக அந்த ஒரு நாள் அவருக்குக் கிடைக்கவே இல்லை, பாருங்கள்.

அக்கா வாங்கிக்கொண்டாள். எனக்கு வெறி வந்துவிட்டது.

"இன்று முதல்னு போட்டுருக்கான். அப்ப ஏழு வருஷம்? அனுபவச் சான்று வாங்காம கையெழுத்துப் போட்டியா?"

"ஏழு வருஷத்த எழுதுனா அவுருக்கு வேல போவும். மல்லிகா டீச்சருக்கும் போவும். எனக்கு அவுங்க வேல வேணாம்டி. என் வேல வேணும்."

"அப்ப விட்டுக் குடுத்துட்ட."

"ஆமா, விட்டுக் குடுத்தேன். என்னுது, நான் விட்டேன். நாளைக்கு பஸ்ஸ புடிக்கணும், வை."

மறுநாள் போனாள். விரலை வைத்தால் மெஷின் ஏற்கவில்லை. இந்த விரல் ஏற்கெனவே பயிற்சி மாணவியாகப் பதிவாகியிருக்கிறது என்று காட்டியது. மேலே சொல்லி, பழைய பதிவை எடுத்தால்தான் டீச்சராகப் போட முடியும். தனசேகர் தலையில் கைவைத்துக்கொண்டாராம். "பாடத்த மட்டும் ஆரம்பிங்கக்கா, பேரு தன்னால மாறிடும்" என்றிருக்கிறார். கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எடைக்கல் சுற்றிய துணி மேசையில் இருக்கிறது. அக்காவுக்குக் கை பரபரத்திருக்கும், எனக்குத் தெரியும். அவள் கட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து, "மாறட்டும், வரேன்" என்று சொல்லி வெளியே வந்துவிட்டாள்.

மெஷினுக்கு மனம் மாற இன்னும் மூன்று நாள் ஆயிற்று. பதினோராம் நாள் வைத்தாள். குரல் பதிவு ஒன்று அனுப்பினாள், நான்கு நொடி இருக்கும். "வச்சிட்டேன். கிளாஸுக்கு நேரமாச்சு." பின்னால் யாரோ மேசையை உள்ளங்கையால் தட்டும் சத்தம் கேட்டது. அது அவள்தானா, அவளைக் கூப்பிட்ட பெண்ணா என்று தெரியவில்லை.

7

ஹெலனின் ஏழாவது படிவத்தில் நான் முதல் கட்டத்தைப் போட்டேன். மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இங்கே புதிய இடம் எதுவும் இல்லை என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தயார் என்று எழுதினால் நான்கு வாரத்தில் பயிற்சி இடம் முடிந்துவிடும், அவள் போகவேண்டும், அவளுக்கு நல்லது செய்கிறாயா கெடுதல் செய்கிறாயா என்றார். நியாயமான கேள்வி. படிவத்தைத் திருப்பி வாங்கிவிடலாமா என்று இரண்டு நாள் நினைத்தேன்.

பிறகுதான் ஹெலனையே ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை என்பது உறைத்தது. அவளையும் அவள் அம்மாவையும் வரச்சொல்லி, மேலாளர் அறையில் உட்காரவைத்து, நிலைமையைச் சொன்னேன். உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் அம்மா, வயதானவர், நல்லவர், உடனே ஆரம்பித்தார். ஹெலனுக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், அவளுக்கு மாற்றம் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அந்த மனு கொடுத்த நாள் கண்ணில் வந்தது. அம்மா சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்து, ஹெலன் சொல்லட்டுமா என்று என் உடைந்த ஆங்கிலத்தில் கேட்டேன். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. என் முகமும் அன்றைக்குக் கடலூரில் அப்படித்தான் சுருங்கியிருக்கவேண்டியது, சுருங்கவில்லை.

ஹெலன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை. கடைசியில் அவள் என் சட்டையில் குத்தியிருந்த பேட்ஜைத் தொட்டாள். எங்களுக்கெல்லாம் நீலம், பயிற்சியில் இருப்பவர்களுக்கு மஞ்சள். தனக்கு நீல பேட்ஜ் வேண்டும், அதை எங்கே கொடுக்கிறார்களோ அங்கே போகிறேன் என்றாள். தன்னிடம் வேலை பழகியவர்கள் எல்லோரும் நீலத்துக்குப் போய்விட்டார்கள், தான் மட்டும் மஞ்சளிலேயே இருப்பதாகச் சொன்னாள். ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக் கணக்குக் காட்டினாள். எல்லாப் பெயரும் சரி.

நகரத்தின் மறுபக்கம் ஒரு ஹோட்டல் சலவையில் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறவேண்டும். கிடைக்குமா என்று தெரியாது. முன்பு வேலை செய்த இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். இங்கே பயிற்சியில் இருந்தாள் என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தால் போதும் என்று மேலாளர் சொன்னார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் ஒரு பக்கம் எழுதினேன். இவள் எங்களிடம் வேலை செய்தாள். புதிதாக வந்தவர்களுக்கு மடிக்கக் கற்றுக்கொடுத்தாள். மூலை தைத்த விரிப்பை மடிக்கிற விதத்தை எனக்கும் இவள்தான் கற்றுக்கொடுத்தாள். இவளைத் தயார் என்று நான் முன்பே எழுதியிருக்கவேண்டும், எழுதாதது என் தப்பு. கடைசி வரி வேண்டாம் என்றார் மேலாளர். இருக்கட்டும் என்றேன்.

நேற்று டீ இடைவேளையில் ஹெலனுக்கு அதை மெதுவாகப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பதினெட்டு மாதம் வேலை செய்தாள் என்ற இடம் வந்ததும் கையை நீட்டித் தாளின்மேல் வைத்து நிறுத்தினாள்.

"பத்தொன்பது," என்றாள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பதுதான். பேனாவை எடுத்து, பதினெட்டை அடித்துவிட்டுப் பத்தொன்பது என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு கையெழுத்தும் போட்டேன்.